டேர்போ காருக்கு கோல்ட் ஸ்பார்க் பிளக்: தெரிவு செய்வதும் பூட்டுவதும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் டேர்போ கார் இப்போது புதினமில்லை. 1000 சீசியைத் தாண்டினால் இறக்குமதி வரி ஏறுவதால், சின்ன என்ஜினில் டேர்போ வைத்த டொயோட்டா ரைஸ், சுஸுகி ஸ்விஃப்ட், ஹொண்டா சிவிக் எல்லாம் இந்தத் தெருக்களில் ஓடுகின்றன. அதற்கு முந்திய தலைமுறை ஸ்டார்லெட் க்ளான்சாவையும் இம்ப்ரெஸாவையும் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூவை ரியூன் செய்து, டேர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டைக் கூட்டியதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "கோல்ட் பிளக் போட்டாச்சா?" என்பதுதான். இந்த வேலையை முதல் முறையாகச் செய்யப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோல்ட் பிளக் ஒரு குதிரைவலுவைக்கூடக் கூட்டித் தராது. கூட்டிய வலுவால் வருகிற சூட்டை என்ஜின் தாங்குவதற்குத்தான் அது. சூடு கூடாத காருக்கு அதைப் போட்டால் நன்மை எதுவும் இல்லை, தொந்தரவு மட்டும் மிஞ்சும்.

கோல்ட் என்றால் என்ன

பிளக்கை நுனிப் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். நடு மின்வாயைச் சுற்றி வெள்ளை செராமிக் மூக்கு ஒன்று உள்ளே இறங்கிப் போகும். அந்த மூக்கு நீளமாக இருந்தால், நுனியில் ஏறிய சூடு உலோக உடலுக்கு வந்து, அங்கிருந்து என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கூலன்ட் தண்ணீருக்கும் போவதற்கு நேரமெடுக்கும். நுனி சூடாகவே இருக்கும். இது ஹொட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் வடிந்துவிடும். அது கோல்ட் பிளக். பொறியின் பலத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

நுனியின் வெப்பநிலை ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கும் 800 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும். 450, 500க்குக் கீழே போனால் நுனியில் படிகிற கரி எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், நடு மின்வாய்க்கும் வெளி மின்வாய்க்கும் இடைவெளியில் பாய வேண்டிய பொறி கரி வழியே உடலுக்கு ஒழுகிவிடும். என்ஜின் மிஸ் அடிக்கும். 800ஐ நன்றாகத் தாண்டினால் ஆபத்து வேறு விதமானது. பொறி வருவதற்கு முன்பே பழுத்த நுனி தானாகக் கலவையைக் கொளுத்திவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் மேலிருந்து அடிக்கும். பூஸ்ட் ஓடும் என்ஜினில் இது சில நொடிகள் நடந்தாலே பிஸ்டனில் ஓட்டை விழலாம்.

உங்கள் காருக்குத் தேவையா

பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஒறிஜினலை விட 75 முதல் 100 குதிரைவலு கூடினால் ஒரு படி கோல்ட். இது கைக்கணக்குத்தான், சட்டமில்லை. ஆனால் இதை வைத்துப் பார்த்தாலே பலருக்குப் பதில் கிடைத்துவிடும். 1000 சீசி டேர்போவுக்கு ஈசியூ மப் (பெற்றோலும் பொறி நேரமும் எவ்வளவு என்று சொல்லும் அட்டவணை) மட்டும் மாற்றி இருபது சொச்சம் குதிரைவலு கூட்டியவருக்கு, பெரும்பாலும் கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சே (பிளக் எவ்வளவு கோல்ட் என்ற படி) போதும். இடைவெளியை மட்டும் குறைத்தால் சரி. பெரிய டேர்போ, பெரிய இன்ஜெக்டர் என்று போனவருக்கு ஒரு படி கோல்ட் கட்டாயம். இரண்டு படி என்பது பந்தயத் திடலுக்குப் போகிற காருக்கு. தினமும் வேலைக்கு ஓடுகிற காருக்கு அதை யாராவது பரிந்துரைத்தால், ஏன் என்று கேளுங்கள்.

கார் எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்முனைப் பிரதான வீதியில் ஆட்டோவுக்கும் உழவு இயந்திரத்துக்கும் பின்னால் ஊர்ந்து, காத்தான்குடியில் நின்று, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வருகிற காரின் பிளக் சூடாகவே வாய்ப்பில்லை. அதில் கோல்ட் பிளக் போட்டால் கரி பிடிக்கும். அதே கார் மாதத்தில் சில தடவை அம்பாறையிலிருந்து மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவு ஏறிக் கண்டிக்குப் போகிறது என்றால் கதை வேறு. நாலு பேரும் சாமானும் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது பூஸ்ட் இடைவிடாமல் நிற்கும். பிளக்கைச் சோதிப்பது அந்த ஏற்றம்தான்.

நம் பக்கத்துக்கே உரிய விஷயம் ஒன்று, கச்சான் காற்று. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு இறங்குகிற அந்தக் காற்று வீசும் மத்தியானங்களில் டேர்போக் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலருக்குள் போகிற காற்றே கொதிக்கிறது. என்ஜினுக்குள் போகும் காற்று சூடாக இருந்தால், கலவை தானாக வெடிக்கும் நொக்கிங் கிட்ட வரும். ஆகவே காரை ரியூன் செய்பவரிடம், முடிந்தால் வெக்கையான நாளிலேயே மப் பார்க்கச் சொல்லுங்கள். மார்கழி மழையில் அழகாக ஓடிய மப், ஆடியில் நொக் அடிக்கலாம்.

பெற்றோலும் அப்படித்தான். 95 ஒக்டேனுக்கு மப் போட்டுவிட்டு, 95 இல்லாத ஷெட்டில் 92 அடித்துக்கொண்டு வருவதை எந்த பிளக்கும் காப்பாற்றாது. நொக்கிங் என்பது பொறி வந்த பிறகு, எரியாமல் மிஞ்சிய கலவை தானாக வெடிப்பது. ஒக்டேன் போதாமை, பொறியை அதிகம் முந்த வைக்கும் டைமிங், பெற்றோல் குறைந்த கலவை, சூடான காற்று ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பிளக் நுனி பழுத்து முன்கூட்டியே கொளுத்துவது வேறு நோய். கோல்ட் பிளக் இரண்டாவதற்கு மருந்து. முதலாவதற்கு மருந்து மப்பில் இருக்கிறது. ஸ்விஃப்ட், சிவிக் போன்றவற்றில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது வருகிற முன்-எரிதல் இன்னொரு வகை. நேரடி ஊசி மூலம் பெற்றோல் அடிக்கிற டேர்போ என்ஜின்களில்தான் அது அதிகம் வரும். அதற்கு ஏபிஐ எஸ்பி தர ஒயில் போடுங்கள். உயர் கியரில் என்ஜினை முக்கவிடாதீர்கள்.

நம்பரைப் படிப்பது

தவறான பெட்டி வாங்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடக் கூட பிளக் கோல்ட். பொஷ்ஷில் தலைகீழ்: எண் கூடினால் ஹொட். என்.ஜி.கே. 6க்கு ஏறத்தாழ டென்சோ 20 சமன், 7க்கு 22, 8க்கு 24, 9க்கு 27. கடையில் "ஒரு நம்பர் கூடக் குடுங்க" என்று மட்டும் கேட்டால், எந்தக் கம்பெனியின் நம்பர் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் போய்விடலாம்.

உதாரணமாக என்.ஜி.கே.யின் பி.கே.ஆர்.6.ஈ.-11 என்ற குறியை எடுப்போம். முன்னால் வரும் பி.கே. என்பது 14 மில்லிமீற்றர் புரியையும் 16 மில்லிமீற்றர் அறுகோணத் தலையையும் குறிக்கும். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 தான் ஹீட் ரேஞ்ச். ஈ என்பது புரியின் நீளம் 19 மில்லிமீற்றர். கடைசி 11 என்றால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். ஒரு படி கோல்ட் வேண்டுமென்றால் 6 மட்டும் 7 ஆக வேண்டும். மற்ற எழுத்துகள் அசையக் கூடாது. குறிப்பாக ஈ. புரி நீளம் கூடிய பிளக்கைப் போட்டால் அது பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்ததைப் போட்டால் ஹெட்டின் வெறும் புரியில் கரி கட்டி, பிறகு சரியான பிளக்கே ஏறாது. ஆர் இல்லாத பிளக்கையும் எடுக்காதீர்கள், பொறிக்கு வோல்டேஜ் தருகிற கொயிலுக்கும் ஈசியூவுக்கும் மின் இரைச்சல் போகும். பின்னால் வருகிற 11 மட்டும் மாறலாம். ரியூன் செய்த டேர்போவுக்கு 1.1 பெரும்பாலும் அதிகம், தொடக்கத்திலேயே 0.8 உள்ளதை எடுத்தால் வளைக்கும் வேலை குறையும். புதிய கார்களின் குறிகள் இதைவிட நீளம். சிலவற்றில் 12 மில்லிமீற்றர் புரி, 14 மில்லிமீற்றர் தலை. கைநூலில் உள்ள குறியை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நிக்கலா, இரிடியமா? நிக்கல் விலை குறைவு, சீக்கிரம் தேயும். ரியூன் செய்த காரில் அடிக்கடி கழற்றிப் பார்க்க நினைப்பவருக்கு அதுவே வசதி. மப் முடியும் வரை நிக்கல் போட்டு ஓடிவிட்டு, எல்லாம் சரியான பிறகு இரிடியத்துக்கு மாறலாம். இரிடியத்தின் நுனி மெல்லிசு. என்.ஜி.கே. இரிடியம் ஐஎக்ஸில் 0.6 மில்லிமீற்றர், டென்சோ இரிடியம் பவரில் 0.4 மில்லிமீற்றர். மெல்லிய நுனியிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜில் பாயும், அது பூஸ்டில் உதவும். நான் தினசரி ஓடுகிற காருக்கு இரிடியத்தையே சொல்வேன்.

போலிப் பிளக் சந்தையில் உண்டு. வழக்கத்தை விட மலிவாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். செராமிக்கில் எழுத்து கலங்கியிருக்கிறதா, புரி கரடுமுரடாக இருக்கிறதா, கேஸ்கட் வளையம் கழன்று விழுகிறதா, நடு மின்வாய் கோணலா என்று பாருங்கள். மல்டிமீற்றர் இருந்தால் மேல் முனைக்கும் நடு மின்வாய்க்கும் இடையில் அளந்து பாருங்கள்: ரெசிஸ்டர் பிளக்கில் ஏறத்தாழ 5 கிலோஓம் வரும். சுழியம் காட்டினால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மேல் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையில் தொடர்பே இருக்கக் கூடாது.

இடைவெளி

ஹீட் ரேஞ்சைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். ரியூன் செய்த காரில் பூஸ்டில் மிஸ் அடித்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியில் பொறி பாய்வதற்கு அதிக வோல்டேஜ் தேவை. கொயிலால் ஓர் எல்லைக்கு மேல் தர முடியாது. அந்த எல்லை வந்ததும் ஐந்தாயிரம் ஆர்பிஎம்மில் கார் டக் டக்கென்று வெட்டும். ஐடிலில் எந்தக் குறையும் தெரியாது.

பூஸ்டைக் கொஞ்சம் கூட்டிய காருக்கு 0.7 முதல் 0.75 மில்லிமீற்றர் நல்ல தொடக்கம். பூஸ்ட் நன்றாகக் கூடிய காருக்கு 0.6, 0.65. ரியூன் செய்தவர் ஓர் அளவு சொல்லியிருந்தால் அதுவே முதல். அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள்: இடைவெளி குறுகினால் பொறியும் குறுகும், ஐடில் கரடாகும், சிக்கனமும் போகும்.

அளப்பதற்கு வட்ட நாணயம் போன்ற கேஜை இரிடியத்தில் பாவிக்க வேண்டாம். அதை இடையில் செருகி நெம்பினால் நுனி உடையும். கம்பி கேஜ் வாங்குங்கள். குறைப்பதற்கு வெளி மின்வாயை மட்டும், அதன் முதுகில், மெல்ல அழுத்த வேண்டும். கூட்டுவதற்கும் அதை மட்டுமே பிடித்து மேலே இழுக்க வேண்டும். நடு நுனியில் எதுவும் படக் கூடாது. பெட்டியில் "அளந்து வருகிறது" என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள்.

கழற்றிப் பூட்டுதல்

வேலைக்கு முன் என்ஜின் முழுதாக ஆற வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் புரி அதோடு வந்துவிடலாம். இரவு நிறுத்திய காரைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் திறப்பதுதான் நல்லது. தேவையானவை: உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சொக்கட், நீட்டுத் தண்டு, ரட்சட், கொயில் போல்டுக்கு 10 மில்லிமீற்றர் சொக்கட், டோர்க் ரென்ச், கம்பி கேஜ், சிலிகன் கிறீஸ், கைநீளத்துக்கு ஒரு துண்டு பெற்றோல் ஹோஸ்.

கொயில் கனெக்டரின் கிளிப் பல வருடச் சூட்டில் மொறுமொறுப்பாகியிருக்கும். இழுக்காமல், கிளிப்பை நன்றாக அமர்த்தியபடி மெல்ல ஆட்டிக் கழற்றுங்கள். போல்டை எடுத்த பிறகு கொயிலை இடமும் வலமும் கொஞ்சம் திருப்பிவிட்டு நேராக மேலே இழுக்க வேண்டும். எந்தக் கொயில் எந்தச் சிலிண்டருக்கு என்று குறித்து வையுங்கள்.

இனி, பிளக்கைத் தொடாதீர்கள். முதலில் பிளக் இருக்கும் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கல்லடி, பாசிக்குடா மாதிரிக் கடலோரத்தில் நிற்கிற காரில் மணல் இருக்கும். உப்புக்காற்றில் பிளக்கின் உடம்பு துருவும் பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றினால் அந்த மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். ரயர் கடையில் காற்று அடித்தாவது குழியைச் சுத்தம் செய்யுங்கள். குழியில் ஒயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கட் போயிருக்கிறது; அதை மாற்றாமல் புதுப் பிளக் போடுவதில் பயனில்லை.

சொக்கட்டை நேராக இறக்கி, முதல் இறுக்கத்தை மெல்ல உடையுங்கள். கால் சுற்று திரும்பியதும் மறுபடி இறுகுகிறதென்றால் பலம் போடாதீர்கள். துளைக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டுக் காத்திருந்து, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். துருப்பிடித்த பிளக்கோடு பொறுமை இழந்தவர்கள்தான் ஹெட்டைக் கழற்றிப் புரி வெட்டக் கொடுக்கிறார்கள்.

வந்த பிளக்குகளைச் சிலிண்டர் வரிசையிலேயே மேசையில் வையுங்கள். அவை உங்கள் என்ஜினின் அறிக்கை. மூக்கு இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் சுகம். காய்ந்த கறுப்புக் கரி என்றால் கலவையில் பெற்றோல் கூட, அல்லது பிளக் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிய கோல்ட். ஈரக் கறுப்பு என்றால் ஒயில் உள்ளே வருகிறது. வெள்ளை வெளேரென்று, கொப்புளம் போலவோ மின்வாய் உருகினாற்போலவோ இருந்தால் அளவு மீறிய சூடு. மூக்கில் மிளகுத்தூள் போல் புள்ளிகளோ மினுங்கும் அலுமினியத் துகளோ இருந்தால் நொக்கிங் நடந்திருக்கிறது, துகள் பிஸ்டனிலிருந்து வருகிறது. அப்படிக் கண்டால் புதுப் பிளக்கைப் பூட்டிவிட்டு ஓடாதீர்கள். பூஸ்டைக் குறைத்து, ரியூன் செய்தவரிடம் கொண்டுபோங்கள். ஒரு பிளக் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் கொயிலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுப் பிளக்கைச் சொக்கட்டில் வைத்து ரட்சட்டால் தொடங்கவே கூடாது. பிளக்கின் மேல் முனையை ஹோஸ் துண்டில் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் சுற்றுங்கள். புரி கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கும், அதனால் புரி தப்பும். கேஸ்கட் ஹெட்டில் தொடும் வரை கையாலேயே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் டோர்க் ரென்ச். கேஸ்கட் உள்ள 14 மில்லிமீற்றர் பிளக், அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். 12 மில்லிமீற்றர் என்றால் 15 முதல் 20. உங்கள் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. டோர்க் ரென்ச் இல்லாதவருக்கு: புதுக் கேஸ்கட் கையால் அமர்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று, ஒருமுறை பாவித்த பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். தளர்வாக விட்டாலும் தப்பு. சூடு ஹெட்டுக்குப் போவது அந்தக் கேஸ்கட் வழியாகத்தான். தளர்ந்த கோல்ட் பிளக் ஹொட் பிளக்கை விட மோசமாகச் சூடாகும்.

புரியில் கொப்பர் கிறீஸ் பூசுவது பல கராஜ்களில் பழக்கம். என்.ஜி.கே. அதைப் பூச வேண்டாம் என்கிறது. பிளக்கின் புரியில் ஏற்கெனவே பூச்சு உண்டு; மேலே கிறீஸ் பூசினால் அதே டோர்க்கில் புரி அளவுக்கு மீறி இறுகிவிடும். பழைய துருவுக்குப் பயந்து பூசித்தான் ஆக வேண்டுமென்றால், துளியளவு பூசி, டோர்க்கை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். சிலிகன் கிறீஸ் போக வேண்டிய இடம் கொயில் ரப்பரின் உள்வாய்.

இம்ப்ரெஸாவில் பிளக் இரு பக்கமும் படுத்துக்கிடக்கிறது. பட்டறியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றினால்தான் கை போகும். முதல் முறை என்றால் அந்த வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸோடு நின்று செய்யுங்கள். நேரடி ஊசி என்ஜின் சிலவற்றில் வெளி மின்வாய் குறித்த பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்றும் கைநூலில் இருக்கும், கவனியுங்கள்.

பூட்டிய பிறகு

எல்லாக் கனெக்டரும் கிளிக் என்று அமர்ந்ததா பாருங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஈசியூவைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பாருங்கள். சுழியத்தில் நிற்க வேண்டும். குளிரில் சில நொடி கரடாக இருந்து சரியாவது கோல்ட் பிளக்கின் இயல்பு. தினமும் காலையில் அது நீண்டால், பிளக் உங்கள் ஓட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சிய கோல்ட், ஒரு படி திரும்பி வாருங்கள்.

என்ஜின் சூடான பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து, செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் போகிற வீதி மாதிரி ஒன்றில், வேக எல்லைக்குள்ளேயே மூன்றாம் கியரில் பூஸ்ட் ஏறவிட்டுப் பாருங்கள். வெட்டினால் இடைவெளியை 0.05 குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் போகவில்லையென்றால் கொயில். ஓடும் காரில் என்ஜினை நிறுத்திவிட்டு உருளவிட்டுப் பிளக் படிக்கும் பழைய முறையைத் தெருவில் செய்யாதீர்கள். பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும்.

ஐந்நூறு, அறுநூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் இடைவெளியை அளக்கலாம். இரிடியத்துக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீற்றர் கணக்கு ஒறிஜினல் காருக்கானது. ரியூன் செய்த காரில் அதற்கு நெடுநாள் முன்பே இடைவெளி விரிந்துவிடும். நிக்கல் என்றால் 10,000 முதல் 15,000இல் மாற்றுங்கள். கழற்றிய பழைய செட் நல்லதாக இருந்தால் எறிய வேண்டாம். பெட்டியில் சிலிண்டர் எண்ணும் தேதியும் எழுதி, பிளக் சொக்கட்டோடு டிக்கியில் போட்டு வையுங்கள்.